சாதிக் காதில் வைத்திருந்தது

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காய்ச்சல் என்று ஆசிரியருக்கு ஒரு செய்தி தட்டிவிட்டு, கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்தும் விட்டேன். இதுவரை இந்தத் தொடரில் எங்கள் ஊரில் அத்தனை பேர் மானத்தையும் வாங்கியாயிற்று. இந்த வாரக் கதையில் போகப்போவது என் மானம். காய்ச்சல் வந்த காரணம் அதுதான்.

ஆனால் சாதிக்கை விட்டுவிட்டு என் கதையை எப்படிச் சொல்வது? நானும் அவனும் ஒரே லாரியின் இரண்டு டிரைவர்கள். அவன் தூங்கினால் நான் ஓட்டுவேன், நான் தூங்கினால் அவன் ஓட்டுவான். அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் மன்னிக்க.

உப்பு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு, வடக்கேயிருந்து கொண்டுவந்த டைல்ஸை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை பத்து மணி வெயில். மலையிலிருந்து இறங்கும் கார்கள் பிரேக் சூட்டு வாசனையோடு எங்களைத் தாண்டிப் போயின.

ஓட்டியது சாதிக். முந்தின நாளிலிருந்து அவனுக்கு வலது காதில் குத்தல். "என்ற காதுக்குள்ள யாரோ ஆணி அடிக்கறாங்கடா" என்று நாள் முழுக்கப் புலம்பினான். "உள்ள காலி இடம் இருக்குதுன்னு தெரிஞ்சு அடிக்கறாங்க" என்றேன். சொல்லிவிட்டுப் பாவமாகவும் இருந்தது. வண்டி அடுப்பில் கல் உப்பை வறுத்து, என் பழைய பனியனைக் கிழித்து அதில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். காதில் வைத்து ஒத்தடம் கொடுத்தால் கேட்கும்.

கேட்டது. கேட்டதால் அவன் அதை எடுக்கவே இல்லை. முழங்கையை ஜன்னலில் ஊன்றி, மூட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு, ஸ்டியரிங்குக்கும் கியருக்குமாக இடது கையை மட்டும் வைத்து ஓட்டினான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைத்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து போட்டோ எடுத்தார்.

"நக்கலா?"

ஜீப்பைக் கண்ட பதற்றத்தில் சாதிக் மூட்டையைக் கீழே போட்டான். முடிச்சு அவிழ்ந்து, உப்பு சீட்டுக்கடியில் சிதறியது. வண்டியின் ஆர்.சி. புத்தகம் அவன் போனில் இருந்தது. அதைக் காட்ட, போனைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினான். அவன் நேரத்தைப் பாருங்கள்.

"போன் பேசிட்டே ஓட்டறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன் இல்லீங்க சார், உப்புங்க."

"என்ன, நக்கலா?"

"நெசமாலுமே உப்புங்க சார். காது வலிங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். நான் சிரித்ததும் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. லைசென்ஸை வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். முடிவு வரும்வரை அதைக் காட்டி ஓட்டலாம்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு லெட்டர் வரும். சொல்றதை அப்பச் சொல்லு."

சாதிக்குக் கோபம்கூட இல்லை. "கேப்பாங்கல்ல, அப்ப சொல்லிக்கலாம்" என்றான். கேட்பார்கள் என்று அப்படி ஒரு நம்பிக்கை அவனுக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வாத்தியார் கேட்பதற்கு முன்பே கை தூக்குவான். நான் அவன் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பேன். பத்தாவதில் கணக்கும் நானும் மனம் ஒத்துப் பிரிந்தோம். அவன் பன்னிரண்டு முடித்தான். மல்லசமுத்திரத்தில் அவர்கள் வளையல் கடையில் உட்காரச் சொல்லி அவன் அத்தா எவ்வளவோ கேட்டும், லாரியில்தான் ஏறினான். "கடைல இருந்தா ஊரே நம்மகிட்ட வருதுடா. லாரின்னா நாம எல்லா ஊருக்கும் போறம்" என்பான். அவன் ஏறினதால் நானும் ஏறினேன். எனக்கென்று வேறு யோசனை எதுவும் அப்போது கைவசம் இல்லை.

ஆணியில் குத்திய கடிதங்கள்

எங்கள் பக்கத்து லாரி ஆபீஸ் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

டிரைவர்கள் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. அதனால் வீட்டுக்கு வருகிற தபாலையும் தபால்காரர் புக்கிங் ஆபீஸிலேயே கொடுத்துவிடுவார். மேசையில் எவன் இருக்கிறானோ அவன் கையெழுத்துப் போட்டு வாங்குவான். சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு மேலே ஆள் பெயர் கிடையாது, வண்டி நம்பர்தான். எந்த வண்டி ஆளுக்கு வந்த கடிதமோ அந்த ஆணியில் குத்திவிட வேண்டும். எங்கள் ஆபீஸில் மனிதர்களுக்கே வண்டி நம்பர்தான் பெயர். "நாப்பத்தி ஏழு சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், நானோ சாதிக்கோ பதில் சொல்வோம்.

அன்றைக்கு மேசையில் இருந்தது நான். நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்து, சாதிக் குளிக்கப் போயிருந்தான். தபால்காரர் ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். அவருடைய புது ஹெல்மெட்டைக் கேலி செய்துகொண்டே, வாங்கியதற்கான ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டேன். கவரின் மேலே பொடி எழுத்தில் எங்கள் வண்டி நம்பர். அரசாங்கக் கவர், வண்டி நம்பர். வரி சம்பந்தப்பட்ட காகிதம் என்று முடிவு செய்துவிட்டேன். பெயரைப் பார்க்கவில்லை. எங்கள் ஆபீஸில் யார் பெயரைப் பார்த்தார்கள்?

புறப்படுகிற அவசரம். ஆணியில் குத்தாமல், நேரே வண்டியின் காகிதப் பையில் செருகினேன். பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கும் அந்தப் பை, டிரைவர் தலைக்கு மேலே தொங்கும். யாராவது நிறுத்திக் கேட்டால்தான் அதைத் திறப்போம். அந்தப் பயணத்தில் யாரும் நிறுத்தவில்லை.

ஆக, சாதிக்கிடம் விளக்கம் கேட்ட கடிதம் அவன் தலைக்கு மேலேயே நாக்பூர் போய்த் திரும்பி வந்தது. அவனோ வழியெல்லாம், "அந்த லெட்டர் இன்னும் வரக் காணமே" என்று என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தான். நானும், "கவர்மெண்ட்டுடா, மெதுவாத்தான் வரும்" என்று ஆறுதல் சொன்னேன்.

மூன்று மாதம்

திரும்பி வந்தபோது ஆபீஸ் ஆணியில் இன்னொரு கவர் குத்தியிருந்தது. இந்தத் தடவை சாதிக்கே பிரித்தான்.

செல்போன் பேசியபடி வாகனம் ஓட்டியதற்காக மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது, விளக்கம் எதுவும் தரப்படவில்லை. கீழே பச்சை மையில் கையெழுத்து. எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு என் லைசென்ஸும் அங்கேதான் புதுப்பிக்கப் போக வேண்டும்.

"நோட்டீஸா? எனக்கு எங்கடா வந்துச்சு?" என்றான் சாதிக்.

அந்தப் பழுப்புக் கவர் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வண்டிக்கு ஓடி, பையைத் திறந்து, அந்தக் கவரில் பெயரைப் படித்தேன். எடுத்து பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

எங்கள் ஓனர் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் லாரி மனிதர். "ஒரு மாசம் பாக்கறன் சாதிக்கு. லாங் ரூட்டுக்கு ஒத்தை ஆள வெச்சு ஓட்ட முடியாது. அதுக்கு மேலன்னா வேற ஆள் ஏத்தோணும் சாமி, தப்பா நெனைக்காத" என்றார்.

வேறு ஆள். நாங்கள் இரண்டு பேரும் நாலு வருஷமாக மாறி மாறித் தூங்கிய வண்டியில் வேறு ஒருத்தன். அந்த சீட் சாதிக்கின் முதுகுக்குத் தக்கபடி பள்ளமாகிக் கிடக்கிறது. வேறு எவன் உட்கார்ந்தாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அந்த மாதம் பக்கத்து ஊர் லோடுகளை நான் ஓட்டினேன். சாதிக் இடது பக்கம் உட்கார்ந்து வந்தான். என் ஓட்டத்தில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தான். "தரையே ஓட்டையாயிரும்டா" என்றேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பான். அன்றைக்கு, "நான் வரலை, நீ போய்ட்டு வா" என்று ராசிபுரத்தில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பாக்கெட்டில் இருந்த கவர் கனக்க ஆரம்பித்தது.

மாடியில் ஒரு வக்கீல்

டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒரு வக்கீலம்மாவின் ஆபீஸ். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். சட்டப் புத்தகமெல்லாம் பன் வாசனை அடித்தது. சாதிக் நடந்ததைச் சொன்னான்.

"ஏனுங்க மேடம், ஜட்ஜு லைசென்ஸை வாங்கிக் குடுத்துருவாருங்களா?"

"மாட்டார் தம்பி. ஆர்.டி.ஓ. சேர்ல போய் ஜட்ஜ் உக்கார மாட்டார். நீங்க பேசுனது போனா, இல்லையாங்கறதுகூட அவருக்கு வேண்டாம். அந்த ஆபீசருக்கு சட்டம் எவ்வளவு அதிகாரம் குடுத்துச்சு, அவர் அதை எப்படிப் பயன்படுத்துனார், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா. இவ்வளவுதான் பாப்பார்."

எனக்கு அது லாரிக் கணக்கில்தான் புரிந்தது. எங்களுக்கு ரூட் பெர்மிட் இருப்பதுபோல ஆபீசரின் அதிகாரத்துக்கும் ஒன்று உண்டு போல. இந்த ரோடு வரைக்கும், இந்த லோடு வரைக்கும். தாண்டினால் நிறுத்திக் கேட்க ஓர் ஆள். பச்சை மைக்காரர்களுக்கெல்லாம் நேஷனல் பெர்மிட் என்றல்லவா அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நோட்டீஸ் வரவே இல்லைல்ல? அதையே முதல் பாயிண்டா எழுதறேன். பொய் இருக்கக் கூடாது, சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடற பேப்பர்" என்றார் வக்கீலம்மா.

"அல்லா மேல ஆணையா வரலீங்க" என்றான் சாதிக்.

அவன் சொன்னது உண்மை. உண்மையென்று நம்பி, நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். பேனா காகிதத்தைத் தொடும்போது என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. கவரை எடுத்து மேசையில் வைத்தேன்.

"வந்துச்சுங்க. நாந்தான் வாங்குனேன்."

ஆணி, வண்டி நம்பர், பை, நாக்பூர் என்று உளறிக்கொட்டினேன். சாதிக் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுதாகக் குடித்தான். அது வக்கீலம்மாவின் பாட்டில்.

அவர் கடிதத்தைப் படித்தார். பிறகு ரத்து உத்தரவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தம்பி, இது கிடைச்ச நாள்ல இருந்து பதினஞ்சு நாளைக்குள்ள விளக்கம் குடுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆர்டர் போட்டது பதினோராவது நாள்."

"அப்படின்னா?" என்றேன்.

"இதை நீங்க அன்னைக்கே இவர் கையில குடுத்திருந்தாலும், இவர் பன்னெண்டாவது நாள் பதில் கொண்டு போயிருந்தா கதை முடிஞ்சிருக்கும். அவங்க குடுத்த கெடுவை அவங்களே மதிக்கலை." கடிதத்தைத் தட்டினார். "இன்னொண்ணு. வரவே இல்லைன்னு நான் எழுதியிருந்தா, நீங்க கையெழுத்துப் போட்ட அட்டையை எதிர்த் தரப்புல நீட்டியிருப்பாங்க. பொய்யன்னு பேர் வாங்கியிருப்பார், நீங்க இல்லை, இவர்."

படியில் இறங்கினோம். பேக்கரியில் சாதிக் இரண்டு பன் வாங்கினான். ஒன்றை என்னிடம் நீட்டினான். அவன் திட்டியிருந்தால் அந்த பன் நன்றாக இருந்திருக்கும்.

நாலு நிமிஷம்

வழக்கு ஐகோர்ட்டில் போட்டாயிற்று. சென்னைக்கு நாங்கள் போக வேண்டியதே இல்லை என்றார் வக்கீலம்மா. சாதிக் கேட்கவில்லை. கேள்வி கேட்பார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு காலை ரயிலில் ஏறினான். ரயில் வேகம் குறையும்போதெல்லாம் அவன் கால் தானாகத் தரையை மிதித்தது.

ஐகோர்ட்டில் எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. வழக்கு நாலு நிமிஷம்கூட இருக்காது. எல்லாம் இங்கிலீஷ். நீதிபதி இரண்டு காகிதத்தையும் பார்த்தார். அரசு வக்கீலைப் பார்த்தார். தமிழில் ஒரே கேள்வி கேட்டார்.

"பதினஞ்சு நாள் முடியலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

அரசு வக்கீல் நல்ல மனிதராக இருக்க வேண்டும். கோப்பை ஒருமுறை புரட்டிவிட்டு, "திருப்பி அனுப்பலாம், மை லார்ட்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வராந்தாவில் சாதிக் வக்கீலம்மாவைக் கேட்டான். "செயிச்சாச்சுங்களா?"

"ஆர்டரை ரத்து பண்ணியாச்சு. ஒரு வாரத்துல உங்களைக் கூப்பிட்டு, நீங்க சொல்றதைக் கேட்டு, காரணம் எழுதிப் புதுசா முடிவு பண்ணச் சொல்லியிருக்காங்க."

"யாரு முடிவு பண்றது?"

"அதே ஆபீசர்."

"அவரேவா?" சாதிக்கின் முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் அவருகிட்டயேங்களா?"

"முன்னாடி அவர் உங்களைக் கேக்கலை தம்பி. இப்பக் கேட்டே ஆகணும்."

ஓனர் அண்ணன் சொன்ன ஒரு மாதத்தில் எட்டு நாள் மிச்சம் இருந்தது.

பனியனின் வால்

ஆர்.டி.ஓ. கெட்டவர் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். கண்ணுக்குக் கீழே பை தொங்கும் ஒரு மனிதர், கழுத்து வரைக்கும் கோப்புகளுக்குள் உட்கார்ந்திருந்தார். எங்கள் கோப்பை எடுக்கவே மூன்று பேர் தேடினார்கள். கோர்ட் காகிதத்தைப் படித்துவிட்டு, "நாள் எண்ணாம அனுப்பிட்டாங்க. நானும் எண்ணாம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு சாதிக்கைப் பார்த்தார்.

"சொல்லுப்பா."

சாதிக் எழுந்து நின்றான். இத்தனை நாள் எனக்கு, அவன் அத்தாவுக்கு, வக்கீலம்மாவுக்கு, ரயிலில் எதிர் சீட்டுக்காரருக்கு என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை, சரியான ஆளின் முன்னால் ஒரே வார்த்தையாகச் சுருங்கிவிட்டது.

"உப்புங்க" என்றான்.

"என்னது?"

நான் வாயைத் திறந்தேன். ஆர்.டி.ஓ. கையைக் காட்டி நிறுத்தினார். "அவர் சொல்லட்டும்."

சொன்னான். காது, ஆணி, அடுப்பு, ஒத்தடம், அன்று சாயங்காலம் காது டாக்டரிடம் போனது, அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோவைத் திறந்து பெரிதாக்கினார். காதில் வெள்ளையாக ஏதோ. அதன் அடியில், சாதிக்கின் விரலிடுக்கில், நீளமாகக் கிழிசல் ஒன்று தொங்கியது.

"இது என்ன தொங்குது?"

இந்தக் கேள்விக்கு ஊரிலேயே தகுதியான சாட்சி நான்தான். "என்ற பனியனுங்க சார். கிழிக்கறப்ப அளவா வரலை."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"சரி, போன் இல்லை. ஆனா ஒத்தைக் கைல லாரி ஓட்டறது மட்டும் சரியா?"

இல்லை சார், இரண்டு கையும்தான் என்று சொல்வதற்கு எனக்கு ஆயிரம் வழி தெரியும். சாதிக் முந்திக்கொண்டான்.

"தப்புதானுங்க. வலி தாங்காமச் செஞ்சுட்டனுங்க."

மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன். ஆர்.டி.ஓ. நோட்டீஸை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இதுல செல்போனைப் பத்தித்தான் இருக்கு. எழுதாத குத்தத்துக்கு நான் தண்டனை போட முடியாது. காது வலின்னா வண்டியை ஓரங்கட்டு, இவனை ஓட்டச் சொல்லு."

"இவன் ஓட்டுனா வலி நெஞ்சுக்கு வந்துருமுங்க" என்றான் சாதிக். அதைக் கேட்டதும்தான் என் மூச்சு திரும்பி வந்தது. பழைய சாதிக் வந்துவிட்டான்.

எச்சரிக்கையோடு முடித்து, லைசென்ஸைத் திருப்பித் தர உத்தரவு. முதல் உத்தரவு அரைப் பக்கம். இது ஒன்றரைப் பக்கம். உப்பு, ஒத்தடம், டாக்டர் சீட்டு எல்லாம் இருந்தது. "துணியின் முனை" என்று என் பனியனும் அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருந்தது. பச்சைக் கையெழுத்தும் அதே ஆளுடையதுதான். சாதிக் லைசென்ஸைவிட அந்தக் காகிதத்தைத்தான் பத்திரமாக மடித்து வைத்தான். "நான் சொன்னதையெல்லாம் எழுதியிருக்காருடா" என்றான், ஆச்சரியமாக.

மறுநாள் ஜவ்வரிசி ஏற்றினோம். அவன் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து சீட்டை ஒருமுறை அசைத்துச் சரி செய்தான். ஆபீஸில் வண்டி நம்பருக்குப் பக்கத்தில் ஆள் பெயரையும் எழுதி வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

அந்தக் கவரைப் பற்றி மட்டும் சாதிக் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, பாதியில் அதைக் கேலியாக மாற்றி முடித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

இதை எழுதி முடித்ததும் அவனுக்குப் போன் செய்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுத்தான்.

"மாப்ள, அந்தக் கவரைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுச் சுத்துனனே, எம்மேல உனக்குக் கோவமே வரலியாடா?" என்றேன்.

"கோவமெல்லாம் நெறைய இருக்குது, உன்னைய இன்னும் கூப்பிட்டு விசாரிக்கலை, அவ்வளவுதான்" என்றான்.